ஒரு சைஸ் பெருசு

அட்டைப்பெட்டி கிழிபடும் சத்தம் தெருமுனையிலேயே அவளுக்குக் கேட்டுவிட்டது. அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாகப் பழக்கம். அண்ணன் யாருக்கோ எதையோ வாங்கி வந்திருக்கிறான், இனி அதை யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது என்று அர்த்தம்.

வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது அண்ணனுக்குத் தொழில். சொந்தமாக ஒரு வேன் வைத்திருக்கிறான், இடுப்பில் எப்போதும் பெட்டி அறுக்கும் கத்தி ஒன்று செருகியிருக்கும். யாருக்காவது ஒரு பொருள் வாங்கி வந்தால், பெட்டியை வாசலிலேயே நாலாகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் திணித்துவிட்டுத்தான் பொருளை உள்ளே எடுத்து வருவான். அவன் வாங்குவது யாருக்கும் பொருந்தாது, பெட்டி முழுசாக இருந்தால் மறுநாளே அது கடைக்குப் போய்விடும். இரண்டு மூன்று தடவை அப்படிப் பட்டபிறகு அவனுக்குப் புத்தி வந்தது. பொருந்துகிறதை வாங்கக் கற்றுக்கொள்ளவில்லை, பெட்டியைக் கிழிக்கக் கற்றுக்கொண்டான்.

அவள் ஓட்டமும் நடையுமாக வந்து பார்த்தபோது வேனின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே, பழைய போர்வை மேல், கதவுப் பலகை மாதிரி ஒன்று சாய்ந்து நின்றது. அவள் கேட்டது இருபத்து நாலு அங்குலம். இது நாற்பத்து மூன்று.

"என்னண்ணா இது?"

"மானிட்டர் பாப்பா. நீ சொன்ன கடையிலதான் வாங்கினேன்."

"நான் சொன்னது இது இல்லையே."

"அது ரொம்பச் சின்னது. இது அதே மாதிரிதான், ஒரு சைஸ் பெருசு. ஃபோர் கே."

சொல்லிவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக நின்றான். தொட்டிக்குள் அட்டையைக் காலால் மிதித்து இறக்கினான். அவளுக்கு உச்சந்தலைவரை சூடு ஏறியது.

பாப்பா என்று அவன் கூப்பிடுவது முப்பத்து மூன்று வயதுப் பெண்ணை. வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். அவளுடைய பந்தயக் குழுவில் அவள் பெயர் ஊசி. இரண்டு கார்களுக்கு நடுவே இருக்கிற இடைவெளியில் நுழைந்து போய்விடுவாள் என்பதால் வந்த பெயர். அந்தப் பெயரை அவளே சம்பாதித்தாள், யாரும் வாங்கிக் கொடுக்கவில்லை. அதனால் நாமும் ஊசி என்றே சொல்வோம்.

எதை வாங்கினாலும் ஒரு சைஸ் பெருசாக வாங்குவது அவர்கள் குடும்பத்தின் வழக்கம். ஆரம்பித்தது அம்மா. வளர்கிற பிள்ளைகள், அடுத்த வருஷமும் போட வேண்டும் என்று அன்றைக்கு அதில் ஒரு நியாயம் இருந்தது. பிள்ளைகள் வளர்ந்து நின்றுவிட்டார்கள், வழக்கம் நிற்கவில்லை. அம்மா வீட்டு ஃபிரிட்ஜ் சமையலறைக் கதவுக்குள் நுழையாமல், கூடத்தில் கட்டில் பக்கத்தில் நின்று இரவெல்லாம் உறுமிக்கொண்டிருக்கிறது. அண்ணன் வீட்டு சோபாவைத் தாண்டி ஜன்னலுக்குப் போக வேண்டுமென்றால் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நடக்க வேண்டும். அண்ணி விரலில் போட்ட மோதிரத்துக்கு நூல் சுற்றியே பதினோரு வருஷம் ஆகிறது. ஊசி பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்தவள். அவள் முன்னால் ஓடினாள், ஷூ கோட்டிலேயே நின்றுவிட்டது. ஊரே சிரித்தது, அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். ஊசி இன்றுவரை அதை மன்னிக்கவில்லை.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவள் போய்ச் சேர்ந்த வேலை, பல் செய்யும் வேலை. பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அந்த அளவுக்குப் பல்லுக்கு மேல் மாட்டுகிற தொப்பியைச் செய்து கொடுக்கும் கூடம் ஒன்றில் எட்டு வருஷமாக இருக்கிறாள். தொப்பி ஒரு முடியளவு உயரமாக இருந்தால் போதும், வாயை மூட முடியவில்லை, தாடை வலிக்கிறது என்று மறுநாளே திரும்பி வந்துவிடும். கொஞ்சம் பெருசாக இருக்கட்டும், போகப் போகச் சரியாகிவிடும் என்று அங்கே யாரும் சொல்ல முடியாது. அந்தக் கூடத்துக்குள் நுழைந்தாலே அவளுக்கு மூச்சு சீராகிவிடும்.

மிச்ச நேரமெல்லாம் கார் பந்தய விளையாட்டு. சும்மா பொழுதுபோக்கு என்று நினைத்துவிட வேண்டாம். நாலு பேர் கொண்ட குழு, மற்ற குழுக்களோடு சீசன் முழுக்கப் போட்டி, வரிசைப் பட்டியல், ஏற்றம் இறக்கம் எல்லாம் உண்டு. குழுவின் கேப்டன் ஒரு பஸ் டிரைவர். பகலெல்லாம் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போகாமல் பஸ் ஓட்டுகிற கடுப்பை மாலையில் இங்கே வந்து தீர்த்துக்கொள்கிற ஆள். குழுவுக்கு இரண்டே சீட். ஒன்று கேப்டனுடையது. இன்னொன்றில் ஊசி நாலு வருஷமாக இருக்கிறாள். அந்தச் சீட்டுக்காகக் காத்திருப்பவன் மருந்துக்கடைக்காரன் ஒருவன், அவனை மாத்திரை என்பார்கள். நல்ல பையன், நன்றாக ஓட்டுவான், அதுதான் சிக்கல். சனிக்கிழமை நடக்கப்போகும் தகுதிப் பந்தயத்தில் முதல் எட்டு பேருக்குள் வந்தால் வரும் சீசன் முழுக்கச் சீட் ஊசிக்கு. வராவிட்டால் மாத்திரைக்கு.

அவளிடம் விளையாட்டுக்கான ஸ்டீயரிங்கும் பெடலும் உண்டு, ஆனால் மாட்டுவதற்கு இருப்பது ஒரு சின்ன லாப்டாப். வேலைக்கு எடுத்துப் போக வசதி என்று வாங்கியது, திரை இரண்டு கை அகலம்கூட இருக்காது. நேர்ச்சாலை முடிகிற இடத்தில் எங்கே பிரேக் பிடிக்க வேண்டும் என்று காட்டும் பலகைகள் அதில் நகத்தின் ஓரத்தில் ஒட்டிய அழுக்கு மாதிரிதான் தெரியும். போன சீசனில் இரண்டு தடவை பலகையைத் தாமதமாகப் பார்த்து மண்ணுக்குள் போனாள். கேப்டன் கோபப்படவில்லை. ஸ்கிரீனை மாத்து ஊசி, உன் கண்ணை ஏன் இப்படிப் பிழியிறே என்று மட்டும் சொன்னார். அதனால்தான் வெளி மானிட்டர் என்ற பேச்சே வந்தது.

கடைக்குப் போய்ப் பளபளப்பாக எது இருக்கிறதோ அதை எடுத்து வருகிற ஆள் இல்லை ஊசி. திரை என்பது புள்ளிகளின் கூட்டம். 1080 என்று போட்டிருக்கும் திரையில் ஏறக்குறைய இருபது லட்சம் புள்ளி. ஃபோர் கே என்றால் அதைப்போல நாலு மடங்கு. கார் ஓடும்போது லாப்டாப் இத்தனை புள்ளிக்கும் ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக நிறம் போட வேண்டும், அப்படி ஒரு நொடிக்குள் எத்தனை படம் போடுகிறது என்பதில்தான் பந்தயம் இருக்கிறது. படம் குறைந்தால் சாலை வெட்டி வெட்டி ஓடும். திரை எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த வேலையைச் செய்யப்போவது இந்தக் குட்டி லாப்டாப்தானே!

பல் செய்யும் கூடத்தில் மூன்று விதமான மானிட்டர்கள் இருந்தன. முதலாளியம்மாவிடம் அனுமதி வாங்கி, சாப்பாட்டு வேளைகளில் ஒவ்வொன்றிலும் லாப்டாப்பை மாட்டிப் பார்த்தாள். வரவேற்பு மேஜையில் இருந்த 1080இல் நொடிக்கு நூறு படம் வந்தது, சாலை வழுக்கிக்கொண்டு போனது. வடிவமைப்பு அறையில் இருந்தது 1440. அதில் அறுபதைத் தொட்டது, முன்னால் நாலு கார் கூடிவிட்டால் அதுவும் தடுமாறியது. முதலாளியம்மாவின் ஃபோர் கேயில் லாப்டாப்பின் காற்றாடி அலறியது, படம் கண்காட்சியில் ஒவ்வொரு படமாகப் பார்க்கிற மாதிரி நின்று நின்று நகர்ந்தது. அப்புறமும் சந்தேகம் தீராமல் இன்னொரு வாரம் பார்த்தாள். கடைசியில் முடிவு செய்தாள்: இருபத்து நாலு அங்குலம், 1080, வேகமாகப் படம் மாற்றுகிற ரகம். மேஜைக்கும் அதுதான் அளவு, கண்ணுக்கும் அதுதான் அளவு, லாப்டாப்பின் மூச்சுக்கும் அதுதான் அளவு.

அவள் செய்த ஒரே தப்பு, கடை அண்ணனுடைய கிடங்குக்குப் பக்கத்தில் இருந்ததால் அவனை வாங்கி வரச் சொன்னது. மாடல் பெயரை எழுதி, இதேதான், வேறு எதுவும் வேண்டாம் என்று அடிக்கோடு போட்டு, சேர்த்து வைத்த பணத்தோடு அனுப்பினாள். அவன் சரி சரி என்று தலையாட்டினான். போய், கடைக்காரனிடம் இதைவிடப் பெரிசு எது என்று கேட்டான்.

அன்று மாலை இருவருமாக அதை அவள் தனியாகக் குடியிருக்கும் மாடிக்குத் தூக்கி வந்து மேஜை மேல் வைத்தார்கள். மேஜை தெரியவில்லை. பின்னாலிருந்த ஜன்னலில் பாதி மறைந்தது. அண்ணன் எதிர்ச் சுவரில் முதுகு படுகிறவரை பின்னால் நகர்ந்து நின்று, இடுப்பில் கைவைத்து ரசித்துவிட்டு, அடுத்த லோடுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டான். ஊசி ஒயரை மாட்டினாள். இனி இந்த மானிட்டரை மாட்டினால் படம் முழுவதும் இதற்கே வரட்டும், லாப்டாப்பின் திரை அணைந்துகொள்ளட்டும் என்று அமைத்தாள். காரை எடுத்தாள்.

முழுப் புள்ளிகளோடு ஓட்டினால், கூடத்தில் பார்த்த அதே கண்காட்சி. சரி, 1080க்கு இறக்குவோம் என்று இறக்கினாள். இப்போது படம் ஓடியது. ஆனால் அத்தனை பெரிய பரப்பில் அது கஞ்சி மாதிரிப் பரவி மங்கியது. அதோடு அந்த மானிட்டர் சினிமா பார்ப்பதற்குச் செய்தது, பந்தயத்துக்குச் செய்தது இல்லை. இவள் கையைத் திருப்பினால் அது ஒரு நொடி யோசித்து, பிறகு காரைத் திருப்பியது. இடது கண்ணாடியைப் பார்க்கக் கழுத்தையும் கூடவே திருப்ப வேண்டியிருந்தது. பழகிய வளைவில் மூன்று முறை சுவரில் போய் முட்டினாள். நாலாம் முறை முட்டியதும் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் கடைக்குப் போன் செய்தாள். கடைக்காரர் நல்லவிதமாகத்தான் பேசினார். மாற்றித் தருகிறோம் அம்மா, பெட்டியோடு கொண்டு வாங்க என்றார். பெட்டி இல்லை என்றாள். பெட்டி இல்லாமல் எடுக்க முடியாதே அம்மா என்றார் அவர். பெட்டி தொட்டிக்குள் நாலு துண்டாகக் கிடக்கிறது என்று சொல்ல அவளுக்கு அவமானமாக இருந்தது. சம்பளம் வருகிறவரை இன்னொன்று வாங்கவும் வழியில்லை. கூடத்தின் வரவேற்பு மானிட்டரை இரவல் கேட்கலாம் என்றால் சனிக்கிழமையும் இரவுவரை அங்கே ஆட்கள் வருவார்கள். அங்கேயே உட்கார்ந்து ஓட்டலாம் என்றால் கூடத்து இணையத்தில் விளையாட்டுகளுக்குத் தடை, இணையம் இல்லாமல் தனியாக ஓட்டிப் பார்க்க மட்டும்தான் முடியும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அண்ணன் கிழித்த அட்டைதான் குறுக்கே நின்றது.

அண்ணனைக் கூப்பிட்டுக் கத்தினாள். அவன் குரலில் நிஜமான ஆச்சரியம் இருந்தது. பெரிசு கிடைக்காதா என்று ஊரில் அவனவன் ஏங்குகிறான், கிடைத்ததை வேண்டாம் என்கிறவளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றான். புள்ளிக் கணக்கைச் சொன்னாள். ம், ம் என்று கேட்டான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, போகப் போகப் பழகிவிடும் என்றான். அப்புறம் போன் அம்மா கைக்குப் போனது.

"அவன் பாசத்துல வாங்கியிருக்கான். மூஞ்சியில அடிச்ச மாதிரிப் பேசறியே."

பாசம் என்ற சொல் வந்தபிறகு அந்த வீட்டில் பேச்சு கிடையாது. அதற்கு மேல் யாரிடம் போய் நியாயம் கேட்பது? அண்ணன் கெட்டவனாக இருந்திருந்தால் அவளுக்கு வேலை சுலபம். நாலு வார்த்தை திட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருப்பாள். அவன் உண்மையிலேயே பாசக்காரன். காய்ச்சல் என்றால் லோடை விட்டுவிட்டு வந்து நிற்பான், நின்று, இரண்டு மாத்திரை சொன்ன இடத்தில் மூன்று கொடுக்கப் பார்ப்பான். அவனுக்கு மூச்சுவிடுகிற மாதிரி அது இயல்பாக வந்தது. இவளுக்கோ அதில்தான் மூச்சு முட்டியது. அந்தப் பாசத்தைச் சுமந்து சுமந்து அவளுக்கு வெறுத்துப் போயிருந்தது. வெறுப்பு என்றுதான் சொல்ல வேண்டும், அதைவிட நாகரிகமான சொல் எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தாள். பழைய குட்டித் திரையிலேயே ஓட்டுவது. பலகை தெரியாவிட்டால் போகட்டும், இன்ஜின் சத்தத்தை வைத்துப் பிரேக் பிடிப்பது. மிச்சமிருந்த இரண்டு மாலையும் கண்ணை மூடிக்கொண்டு அந்த நேர்ச்சாலையை ஓட்டிப் பழகினாள். இன்ஜின் குரல் எந்த உயரத்துக்குப் போகும்போது கால் இறங்க வேண்டும் என்று காதுக்குச் சொல்லிக்கொடுத்தாள். வெள்ளிக்கிழமை அவள் ஓட்டிய நேரத்தைப் பார்த்துவிட்டு, அக்கா, எனக்கு இந்த சீசனும் இல்லை போலிருக்கே என்று மாத்திரையே செய்தி அனுப்பினான். ஊசிக்கு நாலு நாளில் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது.

சனிக்கிழமை ஊசிக்கு அரைநாள்தான் வேலை. பந்தயம் மாலை ஐந்து மணிக்கு. கூடத்தில் கடைசி நேரத்தில் ஒரு பல் திரும்பி வந்து வேலை இழுத்துவிட்டதால், ஐந்து மணிக்குச் சற்று முன்னால்தான் வீட்டு மாடிப்படி ஏறினாள். கதவு திறந்திருந்தது. உள்ளே பேச்சுச் சத்தம்.

அண்ணன், அண்ணி, அம்மா, சித்தி எல்லோரும் வந்திருந்தார்கள். அவளுடைய கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்து மானிட்டருக்கு நேரே போட்டு, அதில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பாப்பாவுக்கு இன்றைக்குப் போட்டியாம், பெரிய ஸ்கிரீனில் பார்க்கலாம் என்று அண்ணன்தான் வேனில் ஏற்றி வந்திருக்கிறான். குடும்பத்தில் எல்லோர் வீட்டு மாற்றுச் சாவியும் அவனிடம்தான் இருக்கும். அவசரத்துக்கு ஆகும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்கி வைத்திருந்தான். கேட்டு என்பதுகூடப் பேச்சுக்குத்தான். பாவம், எந்தச் சாவி என்று தெரியாமல் கால் மணி நேரம் வாசலில் போராடித் திறந்தான் என்றாள் அம்மா. அதற்காக ஊசி அண்ணன்மேல் இரக்கப்பட வேண்டும் என்பது அம்மாவின் எதிர்பார்ப்பு.

ஊசிக்குக் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. அத்தனை பேரையும் அப்போதே கிளப்பியிருக்க வேண்டும், கிளப்ப நேரமில்லை. அவர்கள் எழுந்து, ஏன் என்று கேட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு இறங்குவதற்குள் பந்தயம் தொடங்கிவிடும். மேஜைக்குப் போய் மானிட்டர் ஒயரைப் பிடுங்கி எறிந்தாள். லாப்டாப்பை மேஜையின் ஓரத்துக்கு இழுத்து, அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"கரண்ட் போயிடுச்சா?" என்றாள் சித்தி.

"அதுல ஓடாது. நான் இதுலதான் ஓட்டப்போறேன்." ஊசி திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "இருக்கிறதுன்னா அரை மணி நேரம் சும்மா இருங்க. யாரும் எதையும் தொடக் கூடாது."

சரி சரி என்று அண்ணன் தலையாட்டினான்.

அவள் காதில் ஹெட்போனை மாட்டியதும் அறை இல்லாமல் போனது. கேப்டனின் குரல் மட்டும் வந்தது, பதற்றம் வேண்டாம், முதல் சுற்றில் யாரோடும் மோத வேண்டாம் என்று. பதினாலாவது இடத்திலிருந்து கிளம்பினாள். முதல் வளைவிலேயே மூன்று பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து உருண்டார்கள். அவள் ஓரமாக ஒதுங்கி, பிறகு நடுவே தெரிந்த சந்தில் நுழைந்து வெளியே வந்தாள். பதினொன்று. அடுத்த சுற்றுகளில் அவசரப்படாமல் ஒவ்வொருவராகத் தின்றாள். நேர்ச்சாலையின் முடிவில் பலகை எதுவும் தெரியவில்லை, தெரிய வேண்டியதும் இல்லை. இன்ஜின் குரல் உச்சிக்குப் போனது, கால் தானாக இறங்கியது, கார் சொன்ன இடத்தில் திரும்பியது. ஒன்பது. எட்டு. முன்னால் போனவன் ஒரு வளைவில் கொஞ்சம் அகலமாகப் போனான், அது போதுமாக இருந்தது. ஏழு.

இத்தனைக்கும் நடுவே அவளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. நாலு நாள் கோபமும் அதில் கரைந்தது என்று சொன்னால் பொய். கோபம் அப்படியே இருந்தது, ஆனால் அது இப்போது காருக்குள் உட்கார்ந்து அவளுக்காக ஓட்டிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டே சுற்று. கேப்டன் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாவிட்டால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று அர்த்தம்.

அவள் முதுகுக்குப் பின்னால் அண்ணனுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. நாற்பத்து மூன்று அங்குலக் கறுப்பை எத்தனை நேரம்தான் பார்ப்பது? அம்மா கொட்டாவி விட்டாள். சித்தி போனை எடுத்துவிட்டாள். தான் வாங்கி வந்த பொருள் நாலு பேர் முன்னால் இப்படி அணைந்து கிடப்பது அவனுக்கு என்னவோ போலிருந்தது. மேஜைக்குக் கீழே ஒயர் தொங்கியது. தொழிலே அதுதான் அவனுக்கு: எது தொங்கினாலும் எடுத்துக் கட்டுவான், எது கழன்றாலும் மாட்டுவான். பாப்பா கோபத்தில் பிடுங்கியிருக்கிறாள், அவளுக்கும் பெரிசாகப் பார்த்தால் நன்றாகத்தானே இருக்கும் என்று நினைத்தான். சத்தம் போடாமல் குனிந்தான். அவளுக்குத் தொந்தரவு ஆகக் கூடாதே என்று ரொம்ப மெதுவாக, லாப்டாப்பின் பக்கவாட்டில் ஒயரைச் செருகினான்.

ஊசியின் திரை அணைந்தது.

நேர்ச்சாலையில், முழு வேகத்தில், ஏழாவது இடத்தில் போய்க்கொண்டிருந்தபோது அணைந்தது. ஒரு கணம் அவளுக்குக் கண்தான் போய்விட்டதோ என்று இருந்தது. காதில் இன்ஜின் குரல் திக்கியது, நின்றது, எங்கேயோ தாண்டிப் போய் மறுபடி வந்தது. காலை அழுத்தினாள். எந்த இடத்தில் அழுத்துகிறோம் என்று தெரியாமல் அழுத்தினாள்.

பெரிய திரையில் பளிச்சென்று படம் வந்தது. கட்டிலில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சித்தி கைதட்டினாள். தடுப்புச் சுவரில் மூக்கு நசுங்கி, ஒரு சக்கரம் தனியாகப் போய்ப் புல்லில் விழ, ஊசியின் கார், வீட்டுக் கதவு அகலத்துக்கு, அங்கே நின்றது. ஒவ்வொரு கீறலும் துல்லியமாகத் தெரிந்தது. பக்கத்தில் மற்ற கார்கள் வெட்டி வெட்டி, நின்று நின்று, ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின.

"ஆங், இப்பதான் நல்லாத் தெரியுது," என்றாள் அம்மா.

காதில் கேப்டன், ஊசி, ஊசி, என்னாச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தார். சக்கரம் இல்லாத காரை அவள் இரண்டு முறை கிளப்பிப் பார்த்தாள். பிறகு, நான் அவுட் என்றாள். அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு கேட்டது. சரிம்மா, மாத்திரைகிட்ட நான் பேசிக்கிறேன் என்றார் கேப்டன். குரலில் திட்டு எதுவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். அண்ணன் இன்னும் ஒயரின் நுனியைப் பிடித்தபடிதான் நின்றான். என்னவோ தப்பாகிவிட்டது என்று மட்டும் அவனுக்குப் புரிந்திருந்தது. திரையைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், லாப்டாப்பைப் பார்த்தான். லாப்டாப்பில் வந்து அவன் பார்வை நின்றது. அவன் முகம் தெளிந்தது.

"இதான் விஷயம் பாப்பா. லாப்டாப் சின்னது, அதான் தாங்கலை. விடு, திங்கக்கிழமையே பெருசா ஒண்ணு வாங்கிடலாம்."

நாலு நாளாக அவள் கத்துவதற்கு என்னென்னவோ வைத்திருந்தாள். எல்லாவற்றையும் அப்படியே விட்டாள். எழுந்து போய்க் கதவை அகலத் திறந்தாள்.

"எல்லாரும் கிளம்புங்க. அண்ணா, என் வீட்டுச் சாவியக் குடு."

"என்னடி பேச்சு இது, அவன் பாசத்துல..."

"அம்மா, நீயும்தான். எழுந்திரு."

அவள் குரல் உயரவே இல்லை. பல்லை முடியளவு முடியளவாகத் தேய்க்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் எட்டு வருஷம் உட்கார்ந்தவள் பேசுகிற மாதிரி, நிதானமாக, ஒரே சீராக இருந்தது. அண்ணிதான் முதலில் எழுந்தாள். விரலில் மோதிரத்தைத் திருகிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். சித்தி பின்னாலேயே போனாள். அம்மா முணுமுணுத்துக்கொண்டே செருப்பை மாட்டினாள். கடைசியாக அண்ணன் வாசலைத் தாண்டி, படிக்கட்டுத் தளத்தில் நின்று இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தான்.

கொத்து அவன் உள்ளங்கை கொள்ளாமல் வழிந்தது. அம்மா வீடு, சித்தி வீடு, கிடங்கு, வேன், எப்போதோ காலி செய்த வீடுகள் என்று எல்லாச் சாவியும் அதில் இருந்தன. ஒன்றைப் பிடித்தான், விட்டான். இன்னொன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். நெற்றி வியர்த்திருந்தது. பாவமாகத்தான் இருந்தது அவனைப் பார்க்க, அதைப் பார்த்தும் ஊசிக்குக் கோபம் ஒரு துளி குறையவில்லை.

"இதுல உன்னோடது எது பாப்பா?"

முப்பத்து மூன்று வருஷத்தில் அவளுடையது எது என்று அண்ணன் கேட்டது அதுதான் முதல் தடவை. கொத்தில் அவள் சாவி எங்கே தொங்குகிறது என்று ஊசிக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. அவள் காட்டவில்லை.

"ஒவ்வொண்ணா போட்டுப் பாரு. எது பொருந்துதோ அதுதான். கெடச்சதும் கதவுக்கடியில தள்ளிவிட்டுட்டுப் போ."

கதவைச் சாத்தி, மேல் தாழ்ப்பாளைப் போட்டாள். வெளியே கொத்து குலுங்கியது. அண்ணன் எடுத்த முதல் சாவி பூட்டுக்குள் நுழையவே இல்லை. அது ரொம்பப் பெரிசு.